நரம்பு எரிச்சலுக்கு வலிப்பு மாத்திரையா? சாப்பிடலாமா, வலி நின்றதும் நிறுத்தலாமா?

சர்க்கரை நோயால் பாதம் எரியும் உங்கள் தாயாருக்கு மருத்துவர் எழுதித் தந்த பிரிகாபலின், வலிப்பு நோய்க்கான மருந்து என்று பெட்டிக்குள் இருந்த தாளில் படித்துத் திகைத்திருக்கிறீர்கள். மருத்துவர் மாற்றி எழுதிவிடவில்லை. அக்கிக் கொப்புளங்கள் ஆறிய பிறகும், சட்டைத் துணி விலாவில் உரசினாலே தணல் பட்டதுபோல் துடித்துக்கொண்டிருந்த எனக்கும் இதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். நானும் அந்தத் தாளைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவில்லை.

நரம்பு முனையில் கால்சியம் நுழைந்தால்தான், அடுத்த நரம்புக்குச் செய்தி கொண்டுசெல்லும் குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள் வெளிவரும். பிரிகாபலின் அந்தக் கால்சியம் வாயிலின் ஆல்பா-2-டெல்டா என்னும் பகுதியில் ஒட்டிக்கொண்டு, அடங்காமல் துடிக்கும் நரம்பிலிருந்து வெளிவரும் செய்தியைக் குறைக்கிறது. அந்த மிகைத்துடிப்பு மூளையில் நிகழ்ந்தால் வலிப்பு, பழுதுபட்ட நரம்பில் நிகழ்ந்தால் எரிச்சல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இல் நீரிழிவு, அக்கி ஆகியவற்றால் வரும் நரம்பு வலிக்கும், 2005இல் பிற மருந்துகளோடு சேர்த்து வலிப்புக்கும், 2007இல் உடல் முழுவதும் நீடித்து வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோய்க்கும் இதை அனுமதித்தது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மட்டும் ஐரோப்பிய மருந்து முகமை, சான்று போதாது என்று இசைவு தரவில்லை.

தலைவலி மாத்திரையைப் போல வலிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல இது. காலையும் இரவும் 75 மில்லிகிராம் என்று தொடங்கியபோது, முதல் வாரம் கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்திருந்துதான் எழ முடிந்தது; அவ்வளவு தலைசுற்றல். மூன்றாம் வாரம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது, நீர் கோத்த வீக்கம். எடையும் கூடியது. வலி முழுவதும் போகவில்லை. ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடிந்தது, இரவில் தூங்க முடிந்தது.

வலி நின்றதும் நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்விதான் முக்கியமானது. குணமாகிவிட்டது என்று நானாகவே ஒரே நாளில் நிறுத்தினேன். தூக்கம் கெட்டு, வியர்த்துக் கொட்டி, குமட்டலோடு மருத்துவரிடமே திரும்பினேன். அவர் மறுபடி தொடங்கி, படிப்படியாகக் குறைத்தார். குறைந்தது ஒரு வார காலத்தில் இறக்க வேண்டும் என்பது பொது விதி. வலிப்பு உள்ளவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு அதிகரிக்கக்கூடும். மதுவோடும், தூக்க மாத்திரை, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி நிவாரணிகளோடும் சேர்ந்தால் மூச்சே மந்தப்படலாம்.

பிரிகாபலின் பெரும்பாலும் மாற்றமடையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைத்தே தருவார்கள். தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், இந்த அளவை சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அவருடைய கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் எழுதினாரா என்று அடுத்த முறை மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள்.