கடையில் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டால் எப்படி எதிர்கொள்வது?

பில் போடாத பொருள் பையில் இருந்ததாகக் கூறி, சூப்பர் மார்க்கெட் ஊழியர்கள் தடுத்து நிறுத்தி மன்னிப்புக் கடிதம் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 303-ஆம் பிரிவுப்படி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்தால்தான் அது திருட்டு. ஆகவே, டிராலியில் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்த பற்பசையைக் கவனிக்காமல் வெளியே வந்தவர், அந்த எண்ணம் தமக்கு இல்லை என்பதையே தம் வாதத்தின் மையமாக்க வேண்டும். மற்ற பொருள்களுக்கான பில், பணம் செலுத்திய குறுஞ்செய்தி, கேமராப் பதிவு ஆகியவை இதற்குத் துணைநிற்கும். பதிவுகள் சில வாரங்களிலேயே அழிந்துவிடக்கூடும் என்பதால், அவற்றைப் பாதுகாக்குமாறு அன்றே எழுத்து மூலம் கேளுங்கள்.

எதிலும் கையெழுத்திடாதீர்கள். காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. ஆனால் கடை மேலாளரிடம் எழுதிக்கொடுத்த மன்னிப்பு சாட்சியமாக முன்வைக்கப்படலாம். அறையில் சட்டவிரோதமாக அடைத்துவைப்பதும், போலீஸைக் கூப்பிடுவோம் என்று மிரட்டிப் பத்து மடங்கு 'அபராதம்' பறிப்பதும் அவர்கள் மீதே புகார் கொடுக்கத்தக்க செயல்கள்.

பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் அதைத் திருப்பித் தந்தால், 303-ஆம் பிரிவின்கீழ் சமூக சேவையே தண்டனை. எனினும் அதுவும் குற்றத்தீர்ப்புதான் என்பதால், வழக்கறிஞரைக் கலக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.