மாடியில் கடலை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: மாடித் தோட்டத்துக்கென்று இணையத்தில் ஒரு நிலக்கடலை ‘கிட்’ வாங்கினேன். பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் அதிலேயே இருந்தன. ‘தண்ணீர் ஊற்றினால் போதும், பைக்கு 2 கிலோ கடலை’ என்பது விளம்பரம். செடி தளதளவென்று வளர்ந்தது, பூத்தது. பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே பருப்பில்லாத பொக்கு. விற்றவர் ‘உங்கள் வளர்ப்பில்தான் தப்பு’ என்கிறார். விதை சரியில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: போகலாம். ஆனால் விதையைக் குறை சொல்லிக்கொண்டு போனால் நிற்காது. முளைத்து, பூத்து, காயும் பிடித்த விதையை எந்த ஆணையத்தில் போலி என்று நிரூபிப்பீர்கள்?

பொக்குக்குக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கடலையில் பூ வாடியதும் காம்பு போன்ற விழுது ஒன்று இறங்கி மண்ணுக்குள் போய், அதன் நுனிதான் காயாகிறது. பருப்பு திரளத் தேவையான சுண்ணாம்புச் சத்தை அந்தக் காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும். வேர் உறிஞ்சுவது இலைக்கு ஏறுமே தவிர, காய்க்குப் போதுமான அளவு இறங்காது. செடி பச்சைப்பசேல் என்று நின்றும் காய் பொக்கானது இதனால்தான். வயலில் 40-45ஆம் நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் (சுண்ணாம்புச் சத்துள்ள தாதுப்பொடி) இட்டு மண் அணைப்பார்கள். வெறும் நார்க்கழிவில் இந்தச் சத்து மிகக் குறைவு. உங்கள் கிட்டில் ஜிப்சம் இல்லை, போடச் சொல்லி ஒரு வரியும் இல்லை. ‘தண்ணீர் ஊற்றினால் போதும்’ என்ற வாசகம்தான் உங்கள் பிடி.

இன்னொரு பிடி அந்த 2 கிலோ. எக்டேருக்கு இரண்டு, இரண்டரை டன் காய் எடுப்பவர் நல்ல விவசாயி. அதைச் சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 200 முதல் 250 கிராம். உரித்தால் அதில் 70 சதவீதம் பருப்பு தேறும். ஒரு பையில் 2 கிலோ என்பது வாய்க்கு வந்த எண்.

எனவே புகாரைத் தவறான விளம்பரம் என்று எழுதுங்கள். விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்; நாளைக்கே மாற்றிவிடுவார்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பிறகுதான் மாவட்ட ஆணையம். இரண்டு ஆண்டுக் காலக்கெடு இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் சில நூறு ரூபாய் கிட்டுக்கு அங்கே அலைவதைவிட, 1915-இல் விடாப்பிடியாக நிற்பது மேல்.

கேள்வி: விதையை எங்கே வாங்குவது? ‘ஹைப்ரிட் கடலை’ என்று இருபது விதைக்கு நூறு ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: ஹைப்ரிட் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள். கடலை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், அதாவது தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஹைப்ரிட் கடலை விதை சந்தையில் கிடையாது. வாங்கிய ரகத்திலிருந்து நீங்களே அடுத்த முறைக்கு விதை எடுத்துக்கொள்ளலாம்.

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி., விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. வரிசை ரகங்களை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள். சான்று விதை மூட்டையில் நீல அட்டை இருக்கும், முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம். இரண்டு பைக்கு மூட்டை எதற்கு என்பீர்கள், நியாயம்தான். தெரிந்த விவசாயியிடம் ஓட்டோடு ஒரு படி காய் வாங்கி, விதைப்பதற்கு முன் கையால் உரியுங்கள். மளிகைக் கடைப் பச்சைக் கடலையும் முளைக்கும், ஆனால் இயந்திரத்தில் உடைபட்டதில் பழுது அதிகம். சிவப்புத் தோல் கிழியாத முழுப் பருப்பாகப் பொறுக்குங்கள். எங்கே வாங்கினாலும் பில்லோடு கொஞ்சம் விதையையும் எடுத்து வையுங்கள். முளைப்பில் தகராறு வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.

பணத்தைப் பையின் அகலத்தில் போடுங்கள். விழுது செடியைச் சுற்றித்தான் இறங்கும். ஒடுக்கமான பையில் வெளியே தொங்கி வீணாகும். ஒரு அடி ஆழம் தாராளம். செம்மண், மணல், மட்கிய எரு கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவு கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ஜிப்சம் மூட்டையாகத்தான் தருகிறார்கள். முட்டை ஓடு போதாதா? (வாசகி, திருச்சி)

பதில்: போதாது. மிக மெதுவாகக் கரையும், கடலைக்கோ நூறு, நூற்றுப்பத்து நாள்தான் ஆயுள். சதுர மீட்டருக்கு 40 கிராம் ஜிப்சம் போதும் என்பதால் நாலைந்து மாடித் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் சுவர்ப் பூச்சு ஜிப்சத்தை நீட்டினால் வாங்காதீர்கள். அது தண்ணீர் பட்டதும் இறுகிவிடும்.

கேள்வி: எப்போது பிடுங்குவது? (வாசகர், சேலம்)

பதில்: ஒரு செடியை மட்டும் பிடுங்கிக் காயை உடையுங்கள். ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் இன்னும் பொறுங்கள், கறுத்திருந்தால் மற்றவற்றையும் எடுக்கலாம். மழை பெய்யும்போது தாமதித்தால், படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகங்கள் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை காய வைத்த பிறகே டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்ததைக் கழுவி வறுத்தாலும் சாப்பிடக் கூடாது.