மினியேச்சர் மேலங்கியில் தீ ஜுவாலை வரைய 000 பிரஷ் வாங்கலாமா?

மினியேச்சர் என்கிற சின்ன பொம்மை உருவத்தின் மேலங்கி ஓரத்தில் தீ ஜுவாலை வரைந்தால் வரிசையாகக் கேரட் நட்ட மாதிரி இருக்கிறது, 000 என்கிற மிக நுண்ணிய பிரஷ் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். நான் வாங்கிப் பட்டவன்.

28 மி.மீ. மந்திரவாதி உருவம், கறுப்பு அங்கி. 000 பிரஷில் பெயின்ட் கொஞ்சம்தான் நிற்கும். அங்கியைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். ஒரே தீ நாக்கை நாலு தடவை ஒட்டுப்போட்டு இழுத்தேன், விளிம்பு ரம்பம் மாதிரி வந்தது. போதாததற்குக் கறுப்பின் மேலேயே மஞ்சளைப் பூசியிருந்தேன். மஞ்சள் அடிநிறத்தை மறைக்காது; பாசி பிடித்ததுபோல் பச்சையடித்தது. மூன்று ராத்திரி போயிற்று.

பிறகு 1-ஆம் நம்பர் பிரஷை எடுத்தேன். வயிறு பெருத்து, நுனி மட்டும் ஊசியாக நிற்கிற பிரஷ். பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. முதலில் முழு வடிவமும் வெளிர் நிறத்தில். அதன் மேல் மஞ்சள், பாதிக்கு மேல் ஆரஞ்சு, நுனியில் சிவப்பு. ஒவ்வொரு நாக்கும் 'எஸ்' போல வளைய வேண்டும், ஒன்றின் நீளம் இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது. முக்கியமாக, இரண்டு நாக்குக்கு நடுவிலுள்ள இடுக்கு அடியில் உருண்டிருக்க வேண்டும். உங்களுக்கு அது கூராக முடிகிறது என்று நினைக்கிறேன், கேரட் அங்கேதான் வருகிறது. கடைசியில் அங்கியின் கறுப்பையே எடுத்து இடுக்குகளைச் செதுக்கினேன். தடித்த நாக்கெல்லாம் மெலிந்து நெளிந்தது.

நிஜத் தீ இப்படியா எரியும் என்று யாராவது வருவார்கள். இது துணியில் போட்ட அலங்காரம், எரிகிற தீ இல்லை. சிவப்பை அடியில் வைத்து அழகாகச் செய்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. 000-இல் கண்மணி வைப்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

அந்த மந்திரவாதியைக் கண்காட்சி மேசையில் வைத்தபோது ஒருவர் குனிந்து பார்த்து, "ஸ்டிக்கர் நல்லா ஒட்டியிருக்கீங்க" என்றார். இன்னும் ஆறவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. மினியேச்சர் பூசிக் காட்டுகிறவர்கள் மூன்று மணி நேர வேலையை மூன்று நிமிட வீடியோவாக்கி, கை தவறிய இடத்தையெல்லாம் வெட்டி எறிகிறார்களே, அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அதைப் பார்த்துவிட்டுத் தன் கைதான் ஆகாதது என்று என் நண்பர் பூசுவதையே விட்டுவிட்டார். அவருடைய டிராகன் என் அலமாரியில் இருக்கிறது, ஒரு இறக்கை மட்டும் பூசியபடி.