"ஆமாம்" என்றால் ஆமாம்தானா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. அப்பா இறந்தபின் வேலூரில் கவுன்சலிங் போகிறோம். எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்கிறான். அம்மாவும் கூடவே உட்கார்ந்திருக்கிறார். பலன் இருக்குமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இருக்கும். முதலில் அம்மா வெளியே உட்காரட்டும். அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகியிருப்பார் தம்பி. அங்கே பேசியதை வீட்டில் துருவிக் கேட்காதீர்கள். ஆபத்து என்றால் மட்டுமே வெளியே சொல்வேன் என்று ஆலோசகர் முதல் நாளே தம்பியிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்த "ஆமாம்", எதிரில் இருப்பவர் மனம் கோணக்கூடாது என்று பல வருஷமாகப் பழகிய பதில். "அப்பா ஞாபகம் வருதா?" என்பதைவிட, "காலையில வருதா, ராத்திரியில வருதா?" என்று கேட்கலாம். சற்றுப் பொறுத்து, வரிசையை மாற்றி மறுபடி கேட்க வேண்டும். இரண்டு தடவையும் கடைசிச் சொல்லையே திருப்பிச் சொன்னால் கேள்வி புரியவில்லை. அப்போது அப்பாவின் போட்டோவைக் கையில் கொடுத்துப் பேசலாம். "தூங்கறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" வேண்டவே வேண்டாம், காத்துக்கொண்டே இருப்பார். "இறந்துட்டாரு" என்றே சொல்லுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது கவுன்சலிங்கை முடிக்கும்போதுதான். 12 சந்திப்பு என்றால் காலண்டரில் 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தைத் தம்பியே அடிக்கட்டும். சொல்லாமல் நிறுத்தினால், அப்பாவைப் போல ஆலோசகரும் போய்விட்டார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.