சீன மூலிகை மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

நுரையீரல் புற்றுநோய்க்கு அப்பா ஜெஃபிடினிப் சாப்பிட்டு வருகிறார், சிங்கப்பூரிலிருந்து அத்தை சீன மூலிகை மாத்திரை அனுப்பியிருக்கிறார், டப்பாவில் பெர்பெரின் என்று போட்டிருக்கிறது, அது புற்றுநோய் செல்லைக் கொல்கிறதாமே, சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒரு மாத்திரைகூட வேண்டாம். ஜெஃபிடினிப்பைச் சிதைத்து வெளியேற்றுவது முக்கியமாக சிஒய்பி3ஏ4, சிஒய்பி2டி6 என்ற இரண்டு நொதிகள். பெர்பெரின் இரண்டையுமே மந்தப்படுத்தும். அதனால் ஜெஃபிடினிப் உடம்பில் தேங்கி வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் அதிகமாகலாம், கல்லீரலும் பாதிக்கப்படலாம். டாக்டருக்குக் காரணம் தெரியாது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தையே நிறுத்திவைக்கச் சொல்லிவிடுவார், அதுதான் என் பெரிய பயம். நம்மூர் மரமஞ்சளிலும் இருப்பது இதே பெர்பெரின்தான், அந்தக் கஷாயமும் கூடாது.

செல்லைக் கொல்கிறது என்பது பொய் இல்லை. ஆனால் ஆய்வகத் தட்டில் செல்மேல் நேரடியாக ஊற்றுகிற அளவு வேறு. விழுங்கிய பெர்பெரினில் குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்துக்கு வருவது மிகச் சொற்பம்.

சீனத்து மரம் ஒன்றிலிருந்து நுரையீரல் புற்றுநோய்க்கு நிஜமாகவே மருந்து வந்திருக்கிறது. ஷி ஷு என்ற மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை அமெரிக்காவில் வால், வாணி என்ற இருவர் பிரித்தெடுத்து 1966-இல் வெளியிட்டார்கள். 1970-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு, கடும் வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் சரிவு என்று ஆகி நிறுத்த வேண்டியதாயிற்று. அது செல்லுக்குள் எங்கே போய்த் தாக்குகிறது என்பதே 1985-இல்தான் பிடிபட்டது. அப்புறம் மூலக்கூறை மாற்றியமைத்து, டோபோடிகான் என்ற மருந்தாக, சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது 1998 ஆகிவிட்டது. அந்த மரத்தின் பட்டையை யாராவது அன்றே பொடித்து மாத்திரையாக விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, அத்தை ஆசையாக அனுப்பியதை என்ன செய்வது? தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை ஆன்காலஜி ஓபிக்குப் போகும்போது டப்பாவோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், பின்பக்க லேபிளை போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், இன்றே போன் செய்து எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று சொல்லி, கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஜெஃபிடினிப்பை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.