உள்நாட்டு எண்ணெய், எரிவாயு உற்பத்தி பெருகுமா? ஓய்வுக்காலப் பணத்தை அந்தப் பங்குகளில் போடலாமா?

கேள்வி: மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த எனக்கு வயது 61. தனியார் நிறுவனத்தில் ஓய்வு பெற்றேன். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து 36 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. மாத ஓய்வூதியம் 3,200 ரூபாய். எனக்கும் மனைவிக்கும் மாதம் 23,000 ரூபாய் செலவாகிறது. சொந்த வீடு, கடன் இல்லை. குத்தாலம் பக்கம் உள்ள ஓஎன்ஜிசி கிணறுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். அந்தமான் கடலில் எரிவாயு கிடைத்திருக்கிறது, இனி உள்நாட்டு உற்பத்தி பெருகி இறக்குமதி குறையும் என்கிறார்கள். ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா பங்குகளில் 12 லட்சம் போட்டால் ஈவுத்தொகையும் வரும், விலையும் ஏறும் என்பது என் மருமகனின் யோசனை. செய்யலாமா ஐயா?

பதில்: 12 லட்சம் வேண்டாம். இந்தத் துறையில் உங்களுக்கு ஆர்வம் இருப்பதால் ஒன்றரை லட்சம் வரை போடலாம். அதுவும் ஒரே நாளில் அல்ல. இரண்டு நிறுவனங்களும் நல்ல நிறுவனங்கள்தாம். ஆனால் நாட்டின் உற்பத்தி பெருகுவதும் பங்குதாரரின் லாபம் பெருகுவதும் ஒன்றல்ல என்பதையும், உங்கள் குடும்பத்தின் மாதச் செலவை எதன் மேல் நிறுத்துவது என்பதையும் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும்.

உற்பத்தியைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2011-12இல் இந்தியா சுமார் 3.8 கோடி டன் கச்சா எண்ணெய் எடுத்தது; 2024-25இல் அது 2.9 கோடி டன்னுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. நம் தேவையில் ஏறத்தாழ 88 சதவீதத்தை இறக்குமதி செய்கிறோம். இதற்குக் காரணம் முயற்சிக் குறைவு மட்டும் அல்ல. அரபிக்கடலில் ஓஎன்ஜிசி நடத்தும், நாட்டிலேயே பெரிய எண்ணெய் வயலான மும்பை ஹை 1974இல் கண்டுபிடிக்கப்பட்டு 1976 முதல் உற்பத்தியில் இருக்கிறது. வயதான வயலில் நிலத்தடி அழுத்தம் குறைந்துகொண்டே வரும். எண்ணெயோடு வரும் தண்ணீரின் அளவு கூடிக்கொண்டே போகும். ஆண்டுதோறும் புதுக் கிணறுகளைத் தோண்டி, நீரைச் செலுத்தி அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால்தான் போன ஆண்டின் அளவையாவது எட்ட முடியும். 2025 ஜனவரியில் பிரிட்டனின் பிபி நிறுவனம் இந்த வயலுக்குத் தொழில்நுட்பத் துணையாகச் சேர்ந்தது. பத்தாண்டுகளில் எண்ணெயும் எரிவாயுவுமாகச் சேர்த்து 60 சதவீதம் வரை உற்பத்தியைக் கூட்டலாம் என்பது அந்த நிறுவனத்தின் கணிப்பு. அதில் பாதி நடந்தாலும் நாட்டுக்குப் பெரிய நன்மை. ஆனால் அது பத்தாண்டுக் கணக்கு; உங்கள் வீட்டுச் செலவு மாதக் கணக்கு.

எரிவாயுவின் நிலைமை சற்று மேல். 2020-21இல் 2,900 கோடி கன மீட்டருக்குக் கீழே போன உற்பத்தி, 2023-24இல் 3,600 கோடியைத் தாண்டியது. ஆந்திரக் கடற்கரையை ஒட்டிய கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸும் பிபியும் புதிய ஆழ்கடல் வயல்களைத் திறந்ததே இதற்கு முக்கியக் காரணம். அடுத்த சில ஆண்டுகளில் எண்ணெய் ஏறக்குறைய இதே அளவில் நிற்கும், எரிவாயு மெதுவாகக் கூடும் என்பதுதான் என் மதிப்பீடு. இறக்குமதியை வெகுவாகக் குறைக்கும் பாய்ச்சல் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தமானுக்கு வருவோம். 2025 செப்டம்பரில் செய்தியான விஜயபுரம்-2 கிணறு, கரையிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில், 295 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஆயில் இந்தியா தோண்டியது. அங்கே எடுத்த மாதிரியில் 87 சதவீதம் மீத்தேன் இருந்தது. எரிவாயு இருக்கிறது என்பது இதனால் உறுதியாகிறது. எவ்வளவு இருக்கிறது, எடுத்து விற்றால் கட்டுப்படியாகுமா என்பதை மேலும் கிணறுகள் தோண்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும். அதன் பின்னும் காலம் பிடிக்கும். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் 98/2 தொகுதியில் 2020 மார்ச்சுக்குள் எண்ணெய் எடுப்பதாகத் திட்டமிட்டுத்தான் ஓஎன்ஜிசி 2016இல் முதலீட்டுக்கு ஒப்புதல் தந்தது. முதல் எண்ணெய் வந்தது 2024 ஜனவரியில். இத்தனைக்கும் அது எண்ணெய் இருப்பது ஏற்கெனவே உறுதியான இடம்.

உங்கள் மருமகனுக்கு அதே படுகையின் இன்னொரு கதையையும் சொல்லுங்கள். ரிலையன்ஸின் டி6 தொகுதியில் 2002இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் எடுப்பது திட்டம். 2010இல் 6 கோடியைத் தொட்டதோடு சரி, அதன் பின் சரசரவென்று இறங்கியது. நிலத்துக்கு அடியில் இருக்கும் பாறை, கணினி காட்டிய படத்தைப் போல் நடந்துகொள்ளவில்லை. ரிலையன்ஸுக்கு வேறு தொழில்கள் இருந்தன, தாங்கிக்கொண்டது. அந்தத் தொகுதியில் 10 சதவீதம் வைத்திருந்த நிக்கோ என்ற சிறிய கனடா நிறுவனத்தின் பங்கு, ஒரு காலத்தில் 100 கனடா டாலருக்கு மேல் விற்றது, சில ஆண்டுகளில் ஒரு டாலருக்கும் கீழே போனது. கண்டுபிடிப்புச் செய்தியை நம்பி அதை வாங்கியவர்களில் உங்களைப் போல ஓய்வு பெற்றவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஓஎன்ஜிசிக்கோ ஆயில் இந்தியாவுக்கோ அந்தக் கதி வரும் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் பல வயல்களை வைத்திருப்பவை. ஒன்றிடம் இந்துஸ்தான் பெட்ரோலியமும் மற்றொன்றிடம் நுமாலிகர் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கின்றன. இவற்றின் லாபத்தை முடிவு செய்யும் சக்திகள் வேறு. முதலாவது, உலகச் சந்தை. கிணற்றிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கூடாமல் குறையாமல் வந்தாலும், பீப்பாய் 90 டாலருக்கு விற்கும் ஆண்டும் 60 டாலருக்கு விற்கும் ஆண்டும் ஒன்றாகாது. 2020 மார்ச்சில் ஓஎன்ஜிசி பங்கு 60 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. அப்போது எந்தக் கிணறும் திடீரென வற்றிவிடவில்லை, உலகமே வீட்டில் முடங்கி எண்ணெய் விலை சரிந்திருந்தது.

இரண்டாவது, அரசு. இரு நிறுவனங்களிலும் மத்திய அரசே பெரும்பான்மைப் பங்குதாரர். வரி போடுவதும் எரிவாயு விலைக்கு வரம்பு வைப்பதும் அதே அரசுதான். பழைய வயல்களின் கச்சா எண்ணெய்க்கு மதிப்பில் 20 சதவீதம் செஸ் என்ற மத்திய வரி, அதற்கு மேல் எடுக்கும் உரிமைக்காக அரசுக்குத் தரும் ராயல்டி. உக்ரைன் போரால் விலை ஏறிய 2022 ஜூலையில், டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் லாப வரி வந்தது. பீப்பாய்க் கணக்கில் அது 3,000 ரூபாய்க்கு மேல். உலக விலை உயர்ந்ததன் பலனில் பெரும்பகுதி பங்குதாரர் கைக்கு வராமலே போனது. 2024 டிசம்பரில்தான் அந்த வரி நீக்கப்பட்டது. பழைய வயல்களின் எரிவாயுவுக்கு 2023 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு (எரிவாயுவை விற்கும் அளவு) 6.50 டாலர் உச்சவரம்பு. 2025இல் அது 6.75 டாலரானது. நாட்டு மக்களின் சமையல் எரிவாயுவும் உரமும் கட்டுப்படியாக வேண்டும் என்பதால் வைக்கும் இந்த வரம்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலீட்டாளராக நீங்கள் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். புதிய கிணறுகளின் எரிவாயுவுக்கு 20 சதவீதம் கூடுதல் விலை தரப்படுவது இந்த நிறுவனங்களுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி. நான் ஒன்றரை லட்சத்துக்குச் சம்மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பார்த்து வளர்ந்த காவிரிப் படுகையிலும் பெரிய வளர்ச்சி வராது. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்த பிறகு, டெல்டாவின் அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை இருக்கிறது. நெல் விளையும் மண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு தேவை என்றே நானும் நினைக்கிறேன்.

இனி உங்கள் பணம். 12 லட்சத்துக்கு 5 சதவீதம் ஈவுத்தொகை கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். அதுவும் நிலையானதல்ல: ஓஎன்ஜிசி 2018-19க்குப் பங்குக்கு 7 ரூபாய் கொடுத்தது, 2020-21க்கு 3.60 ரூபாய், 2023-24க்கு 12.25 ரூபாய். பாதியாகக் குறைந்த அந்த ஆண்டுகளில் உங்கள் வீட்டு மளிகைச் செலவு பாதியாகாது. அதே 12 லட்சத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், தற்போதைய 8.2 சதவீதத்தில், ஆண்டுக்கு 98,400 ரூபாய் தருகிறது. முதலுக்கு மத்திய அரசின் உத்தரவாதமும் உண்டு.

ஆகவே, திட்டத்தின் உச்சவரம்பான 30 லட்சத்தையும் அங்கே போடுங்கள். காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் வரும். உங்களுக்குக் குறைவது 19,800 ரூபாய்தான். மீதமுள்ள 6 லட்சத்தில் மூன்று லட்சத்தை மருத்துவம் போன்ற அவசரத்துக்காக வங்கி வைப்பிலேயே விடுங்கள். இந்த வட்டி ஐந்தாண்டுகளுக்கு மாறாது, விலைவாசி மாறும். அந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் எஞ்சிய மூன்று லட்சம். அதில் பாதியை, சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்கள் அனைத்திலும் பரவலாக முதலிடும் குறியீட்டு மியூச்சுவல் ஃபண்டிலும், மறு பாதியை நீங்கள் விரும்பும் இரு நிறுவனங்களிலும் போடலாம்.

அந்த ஒன்றரை லட்சத்தையும் மாதம் 12,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்குப் பிரித்து வாங்குங்கள். நடுவில் அந்தமானிலிருந்து அடுத்த கிணற்றுச் செய்தி வந்து பங்கு விலை துள்ளினாலும் தவணையைக் கூட்ட வேண்டாம். அவசரத்துக்கு வைத்த வங்கி வைப்பை உடைத்து வாங்கவும் வேண்டாம். பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கு உங்கள் பெயரிலேயே, உங்கள் கைப்பேசி எண்ணோடு இருக்கட்டும். மருமகன் உதவி செய்யட்டும், ஆனால் கடவுச்சொல்லும் ஒப்புதலும் உங்களிடமே இருக்க வேண்டும். சேமிப்புத் திட்டக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காகத் தொடங்கினால், உங்களுக்குப் பின்னும் அவருக்கு அலைச்சல் குறையும். அஞ்சலகத்தில் இந்த வாரமே தொடங்கிவிடலாம்.