எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, பிறகு ஏன் ஏழைகளுக்கு இணையம் எட்டவில்லை என்கிறார்கள்?

போன் இருப்பது வேறு, அது நமக்கு உதவுவது வேறு. சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (கேரளத்தவர் அல்ல, மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர்). வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவிடம். மகள் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும். அவரோ சிக்னல் இல்லாத சரிவில் நிற்பார். சரி, இ-சேவை மையத்துக்குப் போகலாம் என்றால் பஸ் செலவு, ஒரு நாள் கூலியும் போச்சு.

ரேஷன் கடையில் இன்னொரு பாடு. காலமெல்லாம் தோட்ட வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை பதியாது. பாட்டி முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார். நூறு நாள் வேலையிலும் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தினம் இரண்டு முறை வேலையாட்களின் படம் செயலியில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் செய்த வேலைக்கே கூலி சிக்கலாகிவிடும்.

காகித விண்ணப்பத்தையும் வாங்கிக்கொள்ளும் ஒரு ஆள் ஊரிலேயே இருந்தால் இதில் பாதி தீரும் என்பது என் கருத்து.